32, 107, 32, 107: ஐஸ் கம்பெனியில் ஓர் இரவு

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் உள்ள ஓர் ஐஸ் கம்பெனிக்கு நான் எழுதிக்கொடுத்த நிரல், சென்ற ஐப்பசி மழையில் ஓர் இரவு முழுவதும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. காலை ஆறரை மணிக்கு ஆபரேட்டர் அண்ணன் அழைத்தார். "தம்பி, பெட்டியில பச்சை லைட்டு எரியுது. மொதலாளி போன்ல மட்டும் நேத்து ராத்திரி ஒம்பது மணியோட நிக்குதாம். நான் எதை நம்பறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாமல் மஞ்சக்குப்பத்திலிருந்து மழையில் நனைந்துகொண்டே முதுநகர் போனேன்.

அமைப்பு எளிமையானதுதான். ஐஸ் கட்டிகள் உறையும் உப்புநீர்த் தொட்டியில் ஒரு வெப்பநிலை உணரி இருக்கிறது. அது ஒரு கையளவு லினக்ஸ் போர்டில் இணைக்கப்பட்டிருக்கிறது. போர்டிலிருந்து ரவுட்டர் வழியாக, புதுச்சேரி லாஸ்பேட்டையில் நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் ஓடும் பழைய கணினிக்கு, நிமிடத்துக்கு ஓர் அளவு டிசிபி இணைப்பில், அதாவது அனுப்பியதற்கு மறுமுனையின் ஒப்புதலை எதிர்பார்க்கும் இணைப்பு முறையில், போய்ச் சேரும். அந்தக் கணினிதான் எங்கள் சர்வர். இணைப்பு இருந்தால் பெட்டியில் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. போர்டும் ரவுட்டரும் இன்வெர்ட்டரில் இருப்பதால் மின்சாரம் போனாலும் அணையாது.

போர்டின் பதிவுக் கோப்பைத் திறந்தபோது 32, 107, 32, 107 என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் இருந்தன. இவை லினக்ஸின் பிழை எண்கள். 32 என்பது ஈபைப், அதாவது இந்த சாக்கெட்டில் (நிரல் மறுமுனையோடு பேசும் வாயிலில்) இனி எழுத வழியில்லை என்பது. 107 என்பது ஈநாட்கான், அதாவது இந்த சாக்கெட் எவரோடும் இணைப்பில் இல்லை என்பது. இணைப்பில் இல்லை என்று கர்னல், அதாவது லினக்ஸின் உட்கரு, நிமிடத்துக்கு ஒரு முறை தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. என் நிரலோ அதைக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு, பச்சை விளக்கை எரியவிட்டபடியே இருந்திருக்கிறது.

நான் முதலில் செய்த தவறு, கண்ணில் அதிகம் பட்ட 107-ஐ ஆராயத் தொடங்கியது. அரை மணி நேரம் அதில் போனது. பிறகுதான் கோப்பில் மேலே ஏறி, அந்த வரிசை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தேன். இரவு 9 மணி 26 நிமிடத்துக்கு ஒரே ஒரு 110 இருந்தது. 110 என்பது ஈடைம்டவுட், அதாவது அனுப்பியதற்கு மறுமுனையிலிருந்து ஒப்புதல் வராமல் கர்னல் சலித்துப்போய் இணைப்பைக் கைவிட்டுவிட்டது என்பது. நடந்த விபத்தைச் சொன்னது அந்த ஒரு வரிதான், அதற்குப் பின் வந்த ஆயிரமும் அதன் எதிரொலி. சாக்கெட்டின் உண்மையான பிழையை கர்னல் ஒரு முறைதான் சொல்லும், சொன்ன கையோடு அதை அழித்துவிடும். அதன் பிறகு அதே சாக்கெட்டைத் தொடும்போது வருவதெல்லாம் 'இந்த நிலையில் இதைச் செய்ய முடியாது' என்ற வகைப் பிழைகள். இவற்றைப் பொருந்தா நிலைப் பிழைகள் என்று சொல்லலாம். அவை நோயைச் சொல்வதில்லை. நோயாளி இறந்துபோனதை அறியாமல் நாம் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதைத்தான் சொல்கின்றன.

சாக்கெட் என்பது நம் நிரலில் ஒரு சிறிய எண் மட்டுமே. அதன் பின்னால் இருப்பது கர்னலுக்குள் உள்ள ஒரு நிலைப்பொறி, அதாவது இணைப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்து நடந்துகொள்ளும் அமைப்பு. 1981 செப்டம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 793 என்ற இணைய நெறிமுறை ஆவணம் டிசிபி இணைப்புக்குப் பதினொரு நிலைகளை வகுத்தது. 2022-இல் அதன் இடத்துக்கு வந்த ஆர்எஃப்சி 9293-இலும் அதே பதினொன்றுதான். லிசன், சின்-சென்ட், எஸ்டாப்ளிஷ்ட், க்ளோஸ்-வெயிட், டைம்-வெயிட் என்று போகும் அந்தப் பட்டியலில் க்ளோஸ்ட் என்பதை அந்த ஆவணமே கற்பனையான நிலை என்று குறிப்பிடுகிறது. இணைப்பே இல்லாதபோது அதற்கு நிலை ஏது என்ற நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். 1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டி இயங்குதளம், சாக்கெட் என்ற இடைமுகத்தைக் கொண்டுவந்தபோது, அந்த நிலைகளை நிரலாளரின் கண்ணிலிருந்து மறைத்து, கனெக்ட், அக்செப்ட், சென்ட், ரிசீவ் என்று சில அழைப்புகளை மட்டும் கையில் கொடுத்தது. மறைத்தது வசதிக்காக. ஆனால் மறைந்திருப்பதை நாம் நம் பக்கத்தில் இன்னொரு முறை எழுதி வைத்துக்கொள்ளத் தொடங்கும்போதுதான் வினை வருகிறது.

என் நிரலில் அப்படி எழுதி வைத்தது 'இணைந்துள்ளது' என்ற ஒற்றை மாறி. கனெக்ட் வெற்றி பெற்றால் அது உண்மை, இணைப்பைத் துண்டிக்கும் செயற்கூறு முழுமையாக முடிந்தால் பொய். பச்சை விளக்கு இந்த மாறியைப் பார்த்து எரிந்தது. துண்டிக்கும் செயற்கூறில், நாகரிகமாக விடைபெற வேண்டும் என்ற எண்ணத்தில், சாக்கெட்டை மூடும் க்ளோஸ் அழைப்புக்கு முன்னால், பேச்சு முடிந்தது என்று மறுமுனைக்குச் சொல்லும் ஷட்டவுன் அழைப்பை வைத்திருந்தேன். ஷட்டவுன் பிழை கொடுத்தால், 'துண்டிக்க முடியவில்லை, அடுத்த நிமிடம் பார்க்கலாம்' என்று திரும்பிவிடும்படியும் எழுதியிருந்தேன். கர்னல் ஏற்கெனவே கைவிட்ட சாக்கெட்டில் ஷட்டவுன் அழைத்தால் 107 வராமல் வேறென்ன வரும்? ஆகவே அளவை அனுப்ப முயன்றால் 32, அதனால் துண்டிக்க முயன்றால் 107, துண்டிக்க முடியாததால் மாறி உண்மையாகவே நின்றது, அடுத்த நிமிடம் மறுபடியும் 32. இறந்த இணைப்பை, அது இறந்துவிட்டது என்ற காரணத்துக்காகவே, என் நிரல் புதைக்க மறுத்திருக்கிறது.

ஆபரேட்டர் அண்ணனுக்கு இதை விளக்கியபோது அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: படகு கடலுக்குப் போயிருக்கிறது என்று கரையில் ஒருவர் நோட்டில் எழுதி வைத்திருப்பதாலேயே படகு கடலில் இருப்பதாகிவிடாது. நான் அரைப் பக்கத்தில் எழுதும் விஷயத்தை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அந்த நோட்டில் இன்னொரு கோளாறும் இருந்தது. இணையக் கம்பி அறுந்தது 9 மணி 10 நிமிட அளவில். 110 வந்தது 9 மணி 26 நிமிடத்துக்கு. இடைப்பட்ட கால் மணி நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் சென்ட் அழைப்பு வெற்றி என்றே திரும்பியிருக்கிறது. சென்ட் வெற்றி என்றால், கர்னலின் அனுப்பு இடையகத்தில், அதாவது அனுப்பும்வரை காத்திருக்கும் இடத்தில், நம் எழுத்துகள் வைக்கப்பட்டன என்றுதான் பொருள், லாஸ்பேட்டை போய்ச் சேர்ந்தன என்று பொருளில்லை. லினக்ஸில் மறு அனுப்புதலுக்கான இயல்பான வரம்பு 15 முறை. ஒவ்வொரு முறையும் இடைவெளி இரட்டித்துக்கொண்டு போய், பிறகு இரண்டு நிமிடத்தில் நிற்பதால், கூட்டுத்தொகை ஏறத்தாழ 924 விநாடி, அதாவது பதினைந்தரை நிமிடம். இந்தக் கணக்கும் பதிவுக் கோப்பின் நேரமும் பொருந்தியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சர்வர் பக்கம் இதைவிட மோசம். லாஸ்பேட்டைக் கணினி கேட்பதற்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது, எதையும் திருப்பி அனுப்பாது. அனுப்பாதவனுக்கு மறுமுனை போனது தெரியவே தெரியாது. காலையில் அங்கே பார்த்தபோதும் அந்தப் பழைய இணைப்பு எஸ்டாப்ளிஷ்ட் என்றே நின்றுகொண்டிருந்தது. மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று கர்னலே விசாரிக்கும் கீப்அலைவ் வசதியை நாமாக இயக்கினால்தான் அது வேலை செய்யும். அப்படி இயக்கியிருந்தாலும் லினக்ஸின் இயல்பான அளவுகளில் 7200 விநாடி மௌனத்துக்குப் பிறகுதான் முதல் விசாரிப்பு, பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 விசாரிப்புகள். கூட்டினால் இரண்டு மணி பதினொரு நிமிடத்துக்குப் பிறகுதான் சந்தேகம் உறுதிப்படும். ஆக, ஓர் இணைப்பைப் பற்றி என் நிரலுக்கு ஒரு கருத்து, போர்டின் கர்னலுக்கு ஒரு கருத்து, சர்வருக்கு ஒரு கருத்து. அன்று இரவு சரியாக இருந்தது நடுவில் உள்ளது மட்டுமே, அதன் பேச்சைத்தான் நான் கேட்கவில்லை.

மற்ற நிலைப் பிழைகளையும் இந்தச் சாக்கில் சொல்லிவிடுகிறேன். வரிசை தவறியதால் வருபவை எளியவை. இணைப்புகளுக்குக் காத்திருக்கச் சொல்லும் லிசனை அழைக்காத சாக்கெட்டில், வந்த இணைப்பை ஏற்கும் அக்செப்டை அழைத்தாலும், ஒரு முகவரியில் பைண்ட் செய்ததை, அதாவது கட்டியதை, மறுபடியும் பைண்ட் செய்தாலும் 22, ஈஇன்வால், செல்லாத கோரிக்கை. அதை எழுதும் நாளிலேயே பார்த்துவிடுவோம், நள்ளிரவில் வந்து எழுப்பாது. சர்வரை நிறுத்தி உடனே தொடங்கினால் வரும் 98, அதாவது முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை, பழைய இணைப்புகள் லினக்ஸில் 60 விநாடி டைம்-வெயிட்டில் நிற்பதால் வருவது. பைண்ட் அழைப்புக்கு முன் முகவரி மறுபயன்பாட்டுத் தேர்வை இயக்கினால் போதும். இவற்றில் நேரம் செலவிடத் தேவையில்லை.

நேரம் செலவிட வேண்டியது, இணைப்பு முடியும்வரை நிரலை நிறுத்தி வைக்காமல் உடனே திரும்பும், காத்திருக்காத கனெக்ட் அழைப்பில். காத்திருக்காத முறையில் கனெக்ட் அழைத்தால் 115 வரும். அது பிழை எண்ணின் வேடத்தில் வந்தாலும் பிழை அல்ல, 'நடந்துகொண்டிருக்கிறது' என்ற தகவல். பொறுமையில்லாமல் மறுபடியும் கனெக்ட் அழைத்தால் 114, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்ற பதில். இணைந்த பிறகும் அழைத்தால் 106, ஏற்கெனவே இணைந்துவிட்டது. சரியான வழி, சாக்கெட் எழுதத் தயாராகும்வரை 'poll' என்ற அழைப்பில் காத்திருந்து, பிறகு சாக்கெட்டின் நிலுவைப் பிழையை 'getsockopt' என்ற அழைப்பால் வாங்கிப் பார்ப்பது. பூஜ்யம் என்றால் இணைந்தது, வேறு எண் என்றால் தோற்றது. எழுதத் தயார் என்பதையே இணைந்தது என்று பொருள் கொள்பவர்கள் பலர். இணைப்பு மறுக்கப்பட்டாலும் சாக்கெட் எழுதத் தயார் என்றுதான் காட்டும், ஏனென்றால் எழுத முயன்றால் காத்திருக்காமல் உடனே பிழை கிடைக்கும் என்பதே அந்தத் தயாரின் பொருள்.

இதில் நானே விழுந்த ஒரு குழி உண்டு. நிலுவைப் பிழையை வாங்கினால் அது அழிந்துவிடும். ஒரு சமயம், பிழை ஆராய்ச்சிக்காக அந்த மதிப்பை வாங்கி அச்சிடும் ஒரு வரியை, முடிவெடுக்கும் வரிக்கு மேலே சேர்த்தேன். அச்சிடும் வரி 111 என்று, அதாவது இணைப்பு மறுக்கப்பட்டது என்று, சரியாக அச்சிட்டது. அடுத்த வரி அதையே கேட்டபோது பூஜ்யம் கிடைத்து, 'இணைந்துவிட்டது' என்று முடிவெடுத்தது. பிறகு மறுமுனையின் முகவரியைக் கேட்டால் 107. நோய் கண்டுபிடிக்க வைத்த கருவியே நோயானதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

கனெக்ட் தோற்றுவிட்டால் அந்த சாக்கெட்டை என்ன செய்வது என்பதற்கு லினக்ஸ் கையேடே விடை சொல்கிறது: தோற்ற பிறகு சாக்கெட்டின் நிலை வரையறுக்கப்படாதது என்று கொள்ள வேண்டும், எந்த அமைப்பிலும் ஓட வேண்டிய நிரல்கள் அதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்க வேண்டும். அதே சாக்கெட்டில் திரும்பத் திரும்ப முயல்வது ஓர் அமைப்பில் நடக்கும், இன்னொன்றில் நடக்காது. அமைப்புக்கு அமைப்பு எண்களும் மாறும். ஈநாட்கான் லினக்ஸில் 107, மேக்கில் 57, விண்டோஸில் 10057. நிரலுக்குள் எண்ணை எழுதாமல் பெயரை எழுத வேண்டும் என்பதற்கு இதுவே போதும். பேச்சில் நான் எண்ணையே சொல்வது கெட்ட பழக்கம்தான்.

ஒருபோதும் இணையாத டிசிபி சாக்கெட்டில் சென்ட் அழைத்தால் 107 வரும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். லினக்ஸில் வருவது 32. ரிசீவ் அழைத்தால் 107 வரும். அதனால் 32-ஐப் பார்த்தவுடன் 'மறுமுனை மூடிவிட்டது' என்று முடிவுகட்டக் கூடாது, மறுமுனை என்று ஒன்று இருந்ததே இல்லை என்றும் பொருள்படலாம். அதோடு, 32 வரும்போது சிக்பைப் என்ற சமிக்ஞையும் சேர்ந்து வரும், அதைத் தடுக்காவிட்டால் நிரல் ஒரு வார்த்தையும் எழுதாமல் மாண்டுபோகும். சமிக்ஞை வேண்டாம் என்ற கொடியை சென்ட் அழைப்போடு கொடுப்பது என் வழக்கம். பைத்தான் தொடக்கத்திலேயே அந்தச் சமிக்ஞையைப் புறக்கணித்துவிடுவதால், பைத்தானில் பழகி சி மொழிக்கு வருபவர்கள் இதில் தவறாமல் ஒரு முறை விழுகிறார்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது பிழையே வராத நிலைப் பிழை. மூடிய சாக்கெட்டைத் தொட்டால் 9, அதாவது அந்த எண்ணில் எதுவும் திறந்தில்லை என்ற பிழை, வர வேண்டும். ஆனால் கர்னல் புதிதாக எதைத் திறந்தாலும் காலியாக உள்ள மிகச் சிறிய எண்ணைத்தான் கொடுக்கும். ஓர் இழை (ஒரே நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை) 7-ஐ மூடுகிறது, அடுத்த கணம் இன்னோர் இழை பதிவுக் கோப்பைத் திறக்க அதற்கு 7 கிடைக்கிறது, மூன்றாவது இழை பழைய நினைவில் 7-க்கு வெப்பநிலையை எழுதுகிறது. சென்ட் அழைப்பால் எழுதினால் இது சாக்கெட் அல்ல என்று 88 வந்து காப்பாற்றும். ரைட் அழைப்பால் எழுதினால் வெப்பநிலை அப்படியே கோப்புக்குள் போய்விடும், வெற்றி என்ற பதிலும் கிடைக்கும். அந்த 7 இன்னொரு வாடிக்கையாளரின் சாக்கெட்டாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே நான் விரும்பவில்லை. க்ளோஸ் அழைப்பை ஐயத்தின் பேரில் இரண்டு முறை அழைப்பவர்களிடம் நான் கோபப்படுவது இதனால்தான்.

முதலாளியின் போனில் தெரியும் பக்கம், உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் வெப்சாக்கெட் முறையில் ஓடுகிறது. அங்கே இந்தச் சங்கடம் வேறு வடிவில் உண்டு. இணைந்துகொண்டிருக்கும்போது சென்ட் அழைத்தால் பொருந்தா நிலை என்ற பிழையை உலாவி உரக்கச் சொல்லும். மூடிக்கொண்டிருக்கும்போதோ மூடிய பிறகோ அழைத்தால், எந்தப் பிழையும் இல்லாமல் செய்தியைக் குப்பையில் போட்டுவிடும். சொல்ல வேண்டிய இடம் இரண்டாவது என்பது என் கருத்து.

மறுபடி எழுதியபோது 'இணைந்துள்ளது' என்ற மாறியை முதலில் நீக்கினேன். சாக்கெட்டைத் தொடும் உரிமை ஒரே ஓர் இழைக்கு மட்டும். உணரியைப் படிக்கும் இழை அளவுகளை வரிசை எண்ணோடு ஒரு கோப்பில் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எந்த அழைப்பில் எந்தப் பிழை வந்தாலும், பொறுத்திருக்கச் சொல்லும் 11, 115 போன்ற எண்களைத் தவிர, செய்வது ஒன்றுதான்: முதல் பிழையைப் பதிவு செய்வது, சாக்கெட்டை ஒரே முறை மூடுவது, புதியதைத் திறப்பது. ஷட்டவுன் என்ன சொன்னாலும் அதைக் கேட்பதில்லை. கால் மணி நேரக் காத்திருப்பைக் குறைக்க, டிசிபி பயனர் காலவரம்பு என்ற தேர்வை 30 விநாடிக்கு வைத்தேன். லினக்ஸ் 2.6.37 முதல் அது இருக்கிறது. மில்லிவிநாடியில் கொடுக்க வேண்டும் என்பதை மறந்து முதல் முறை வெறும் 30 என்று கொடுத்துவிட்டு, இணைப்பு ஏன் அற்ப காரணத்துக்கெல்லாம் அறுகிறது என்று விழித்தது தனிக் கதை.

லாஸ்பேட்டை சர்வர் இப்போது ஒவ்வோர் அளவுக்கும் அதன் வரிசை எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. மூன்று நிமிடம் ஒன்றும் வராவிட்டால் அதுவாகவே மூடிவிடுகிறது. திரும்பி வராத எண்களைப் போர்டு மறுபடி அனுப்பும். பச்சை விளக்கு எந்த மாறியையும் பார்ப்பதில்லை, கடந்த இரண்டு நிமிடத்துக்குள் ஏதேனும் ஓர் எண் திரும்பி வந்ததா என்பதை மட்டுமே பார்க்கிறது.

சோதிக்கும்போது போர்டின் கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பது போதாது, ஏனெனில் அப்போது போர்டுக்குத் தன் கம்பி போனது தெரிந்துவிடும். கம்பி இருக்க, பதில் மட்டும் வராத நிலைதான் அன்று நடந்தது. அதை உண்டாக்க, இடையில் ஒரு கணினியை வைத்து லினக்ஸின் வடிகட்டியான ஐபிடேபிள்ஸ் விதியால் தகவல் பொட்டலங்களைச் சத்தமில்லாமல் விழுங்கச் செய்தேன். மறுத்து அனுப்பும் விதியையும் தனியே சோதித்தேன், அதில் வருவது வேறு எண். இரண்டும் வேறு வேறு விபத்துகள்.

கார்த்திகையில் மறுபடியும் பெரிய மழை பெய்தது. இரவு பதினொரு மணிக்கு அண்ணன் அழைத்து, "தம்பி, சிவப்பு எரியுது" என்றார். காலையில் பதிவுக் கோப்பில் ஒரு 110, அதன் கீழே மறு இணைப்பு முயற்சிகள், 4 மணி 52 நிமிடத்துக்கு இணைப்பு, பிறகு தேங்கியிருந்த அளவுகள் வரிசை எண்ணோடு போய்ச் சேர்ந்த பதிவு. அவற்றை அண்ணனின் கோடு போட்ட நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். வெப்பமானியைப் பார்த்து மணிக்கு ஒரு முறை அவர் பேனாவால் எழுதியிருந்த எண்களோடு எல்லாம் பொருந்தின. நோட்டு எழுதுவதை அவர் இன்னும் நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.